பாலம் வரைக்கும் வக்கீல்

பாலத்துக்கு இந்தப் பக்கம் அவர் வக்கீல். அந்தப் பக்கம் அவர் வக்கீல் இல்லை. பாலத்தைக் கடக்க ரயிலுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

இதில் அவர் தவறு ஏதும் இல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கத்து நாட்டில், கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கும் வக்கீலும் வக்கீல்தான். கம்பெனிக்கு அவர் சொல்லும் ஆலோசனை இரகசியம். எந்த நீதிமன்றமும் அதைக் கேட்டு வாங்க முடியாது. அந்தப் பக்கத்து நாட்டில் சம்பளம் வாங்கினால் அவர் வெறும் சிப்பந்தி. சிப்பந்தி எழுதி வைத்ததை எந்த அதிகாரியும் அலமாரியைத் திறந்து அள்ளிக்கொண்டு போகலாம். கம்பெனியின் தொழிற்சாலை இந்தப் பக்கம். தலைமை அலுவலகம் அந்தப் பக்கம்.

கம்பெனி நோயாளிகளுக்குக் கட்டில் செய்தது. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும், கால்பக்கம் உயரும். ஆள் உருண்டு விழாமலிருக்க இரண்டு பக்கமும் ஏற்றி இறக்கும் கம்பித் தடுப்பு உண்டு. ஐந்து நாடுகளில் விற்றது.

ஒரு திங்கட்கிழமை காலை போர்மேன் மாடி ஏறி வந்தார். பதினெட்டு வருடத்தில் அவர் மாடி ஏறியது இரண்டாவது தடவை. முதல் தடவை கூரை ஒழுகியபோது. வக்கீலின் மேசையில் இருந்த காகிதங்கள்மேல் கிரீஸ் படாமல், கண்ணாடியில் காலியாக இருந்த இடம் பார்த்து, இரண்டு இரும்பு பின்களை வைத்தார்.

"எது பெருசு, சொல்லுங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கண்ணுக்கு ஒண்ணுதான். பக்கத்துல நிக்க வெச்சு விரல ஓட்டிப் பாருங்க."

வக்கீல் விரலை ஓட்டினார். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தது.

"இடது பக்கத் தடுப்போட லாக் பின். போன வருஷத்துலேர்ந்து வேற இடத்துல வாங்குறாங்க. தடுப்ப ஏத்தினா டக்குனு சத்தம் வரும். மாட்டிக்கிச்சுன்னு நினைப்போம். மாட்டியிருக்காது. ஆளு சாஞ்சா பொசுக்குனு இறங்கிடும்."

"யாராவது விழுந்திருக்காங்களா?"

"ஒம்போது பேரு."

"இங்க ஒருத்தர்தானே? ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு."

"இங்க ஒருத்தர். மத்த நாலு நாட்டுல ரெண்டு ரெண்டு."

ஒரே நாட்டில் மூன்று பேருக்கு மேல் விழுந்தால் விற்பனையை நிறுத்த வேண்டும் என்பது கம்பெனியின் விதி. விழுந்தவர்களின் விவரம் அந்தந்த நாட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அந்தந்த நாட்டின் சட்டம். கூட்டல் போடுவதற்கு எண்கள் ஓரிடத்துக்கு வர வேண்டும். எண்கள் வர முடியாததால் கம்பெனியில் யாரும் கூட்டவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணுதான் சார் வராது. வளைஞ்ச கம்பி வருது. பழைய இரும்புன்னு மூட்டை கட்டி அனுப்பிடுறாங்க. பட்டறைக்குப் பின்னாடி ஒம்போது கிடக்கு, வந்து எண்ணிக்குங்க."

பிறகு சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய மூன்றாவது பின்னை எடுத்தார்.

"இது நானே கடைஞ்சது. சரியான அளவு. உங்க அப்பாவுக்கு. அவரு கட்டிலும் இதே வரிசைதான், நம்பர் பாத்துட்டேன். பழசைத் தட்டி எடுத்துட்டு இதைப் போடுங்க. ஒரு நிமிஷ வேலை, ஒரு சுத்தி போதும். மத்தவங்களுக்கு நீங்க ஒரு வரி எழுதிப் போடுங்க. இடது பக்கத்த நம்பாதீங்கன்னு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். போர்மேன் சட்டம் படித்ததில்லை.

வக்கீலின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. இடது பக்கம் விழுந்துவிட்டது. உட்கார வைத்தாலும் படுக்க வைத்தாலும் மெல்ல மெல்ல இடது பக்கமே சாய்வார். அப்பா, வக்கீலின் அக்கா வீட்டில் இருந்தார். அக்கா வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலத்தைத் தாண்டி மூன்றாவது ஸ்டேஷன். கட்டிலைப் போன வருடம் வாங்கிக் கொடுத்தது வக்கீல். ஊழியர் என்பதால் வரிசையில் நிற்காமல் உடனே கிடைத்தது.

அக்காவுக்குப் போன் செய்தார். போன் கம்பெனியுடையது, பதிவாகும். வக்கீலாகத் தெரிந்துகொண்ட எதையும் தனக்கோ தன் குடும்பத்துக்கோ பயன்படுத்த மாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருந்தார்.

"அக்கா, அப்பாவ வலது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

"வலது பக்கம் சுவரு. நாள் முழுக்க சுவத்தையா பாப்பாரு? இந்தப் பக்கந்தான் ஜன்னலு."

"அப்ப கட்டில திருப்பிப் போடு."

"திருப்பிப் போட்டா கதவு திறக்காது. நீ வந்து அளந்து பாத்திருக்கியா இந்த ரூம? ரெண்டு வருஷமா போன்லயே குடித்தனம் பண்ற. என்னடா விஷயம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா போன வை. அடுப்புல பால் இருக்கு."

வக்கீல் ஒரு வரி எழுதினார். கட்டில் வாங்கிய எல்லோருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று மேலே குறித்து, அந்தப் பக்கம் இருந்த தலைமை வக்கீலுக்கு அனுப்பினார். நான்கு நிமிடத்தில் போன் வந்தது.

"எழுதிட்டீங்களா?" தலைமை வக்கீலின் குரல் வீட்டில் திருடன் புகுந்த குரலாக இருந்தது.

"ஒரே ஒரு வரிதான் சார்."

"வரியோட நீளத்தைப் பத்தி நான் கேக்கல. எழுத்தா? எழுத்து பாலத்தைத் தாண்டி வந்துடுச்சா?"

"வந்திருக்கும் சார். பத்து மணிக்கு அனுப்பினேன்."

"ஐயோ. பாருங்க, பதினாலு வருஷம் ஆச்சு, இந்த டிபார்ட்மெண்ட்லேர்ந்து ஒரு உபயோகமான வரி வெளிய வந்ததில்ல. அப்படிக் கட்டிக் காத்துட்டு வரேன். நீங்க ஒரே காலைல... சரி. நான் அதைப் படிக்கல. படிக்காததால அது வரல. வாயால சொல்லுங்க."

"சார், இடது பக்கத் தடுப்புல..."

"இப்ப இல்ல! நான் இந்தப் பக்கம் இருக்கேன். என் காதும் இந்தப் பக்கம் இருக்கு. புதன்கிழமை வண்டில சொல்லுங்க."

புதன்கிழமை வண்டி என்பது கம்பெனியின் நெறிமுறைக் குழுக் கூட்டம். கம்பெனி ஒழுங்காக நடத்தப்படுகிறதா என்று மேற்பார்ப்பது குழுவின் வேலை. குழு ஏன் ரயிலில் கூடுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. வக்கீலின் ஆலோசனையை இந்தப் பக்கம்தான் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் கேட்டால் இரகசியம் போய்விடும். ஆனால் முடிவை அந்தப் பக்கம்தான் எடுக்க வேண்டும். இந்தப் பக்கம் எடுத்தால் கம்பெனியே இந்தப் பக்கத்துக் கம்பெனியாகி இரண்டு நாட்டு வரியும் விழும். ஆகவே குழுவினர் காலை வண்டியில் இந்தப் பக்கத்துக் கடைசி ஸ்டேஷனுக்கு வருவார்கள். பிளாட்பாரத்தில் காபி குடிப்பார்கள். பத்து நாற்பது வண்டியில் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திரும்புவார்கள். ஸ்டேஷனிலிருந்து பாலம் வரை பதினோரு நிமிடம்: ஆலோசனை. பாலத்தில் இரண்டு நிமிடம்: மௌனம், ஏனென்றால் ஆற்றின் நடுவே எந்தச் சட்டம் என்று இரண்டு நாடுகளும் இன்னும் பேசி முடிக்கவில்லை. பாலத்துக்குப் பிறகு: முடிவு. முடிவு எடுக்கும்போது, பாலத்துக்கு முன் கேட்டதைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த தலைமை வக்கீலுக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள்.

புதன்கிழமை வக்கீல் ஏறியபோது அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் ஜன்னலோரம். எதிரே தலைமை வக்கீல், மடியில் வெறும் கை. அவர் பேனா வைத்துக்கொள்வதில்லை. எல்லோரும் சட்டத்துக்கு இணங்கி நடக்கிறார்களா என்று பார்க்கும் இணக்க அதிகாரி அம்மாள், மடியில் பெரிய தோல்பை. கூட்டக் குறிப்பு எழுதும் செயலர், கையில் ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருக்கும் கடிகாரம். ஐந்தாமவர் சுயேச்சை உறுப்பினர். ஆலோசனை காதில் விழுந்தால் சுயேச்சை கெட்டுவிடும் என்பதால் அவர் பாலம் வரை இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்வார்.

இணக்க அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். அதில் எழுதியிருந்தது: பாலத்துக்குப் பிறகு கையொப்பமிட்டவர் வக்கீல் அல்ல, ஒரு பயணி மட்டுமே. பாலத்துக்கு முன் தாம் சொன்ன எதைப் பற்றியும் பாலத்துக்குப் பின் பேசவோ, எழுதவோ, யோசிக்கவோ மாட்டார்.

"யோசிக்கவுமா மேடம்?"

"போன வருஷம் வரைக்கும் யோசிக்கலாம்னுதான் இருந்துச்சு. ஒருத்தர் யோசிச்சுட்டாரு. முகத்துல தெரிஞ்சுது."

வக்கீல் கையெழுத்திட்டார். வண்டி நகர்ந்தது. செயலர் கடிகாரத்தை அழுத்தினார்.

முதலில் வருகைப் பதிவு. பிறகு போன கூட்டத்தின் குறிப்பை ஏற்றுக்கொள்வது. பிறகு தலைவர் உரை.

"நமக்கு நோயாளிதான் முக்கியம்," என்றார் தலைவர். "லாபம் ரெண்டாவது. இத நான் எல்லா மேடையிலயும் சொல்லுவேன். நோயாளி அவ்வளவு முக்கியம்ங்கிறதாலதான், அவங்களைப் பத்தி இந்தக் குழு ஒரு தடவைகூட அவசரப்பட்டு ஒரு முடிவு எடுத்ததில்ல. ஒம்பது வருஷமா எடுக்கல. இனிமேலும் எடுக்க மாட்டோம்."

இணக்க அதிகாரி மெதுவாகக் கை தட்டினார். ஐந்து நிமிடம் போயிருந்தது.

"சொல்லுங்க வக்கீல்," என்றார் தலைவர்.

வக்கீல் வாயைத் திறந்தார். அறைக் கதவும் திறந்தது. டிக்கெட் பரிசோதகர்.

எல்லோரும் வாயை மூடினார்கள். வெளி ஆள் ஒருவர் கேட்டுவிட்டால் இரகசியம் இரகசியமாக இருக்காது. பரிசோதகர் ஆறு டிக்கெட்டையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். அவர் நகருவதாக இல்லை. இணக்க அதிகாரி தோல்பையிலிருந்து வெளி ஆட்களுக்கான இரகசியக் காப்புப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நாங்க தொடர்ந்து பேசலாம்."

பரிசோதகர் நின்ற இடத்திலேயே நிதானமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தையும் படித்தார்.

"எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்னு போடலையே."

தலைமை வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது... ஆத்துக்கு எந்தப் பக்கம் கையெழுத்துப் போடறீங்களோ, அதைப் பொறுத்தது."

"நான் ஒரு நாளைக்கு நாலு தடவ ஆத்தத் தாண்டுறேன். நான் எந்த நாட்டு ஆளுன்னு இது வரைக்கும் எவனும் கேட்டதில்ல. டிக்கெட் இருக்கா இல்லையா, அவ்வளவுதான் எனக்கு. உங்ககிட்ட இருக்கு. பேசுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஒன்பது நிமிடம் முடிந்திருந்தது.

வக்கீல் அவசரமாகச் சொன்னார். சொன்னது யாருக்கும் ஏறவில்லை. இரண்டு மில்லிமீட்டர் என்றதும் தலைவர் தம் விரல்களுக்கிடையே ஓர் அளவு பிடித்து, "இவ்வளவுதானா?" என்றார். அந்தப் பதற்றத்தில்தான் வக்கீல் அந்தக் காரியத்தைச் செய்தார். சட்டைப் பையில் கை விட்டு, துணியைப் பிரித்து, போர்மேன் கடைந்து கொடுத்த பின்னை எடுத்துக் காட்டினார்.

"சரியான பின் இதுதான் சார். இந்த நீளம் இருந்தா தடுப்பு இறங்காது."

இணக்க அதிகாரி ஒரு உறையைப் பிரித்தார்.

"சாட்சிப் பொருள். இதுல போடுங்க."

"மேடம், இது எங்க அப்பா கட்டிலுக்கு..."

"அப்பா கட்டிலுக்கா? அப்ப ரெண்டு கேசு. ஒண்ணு சாட்சிப் பொருள். இன்னொண்ணு, கம்பெனி விஷயத்தைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்தது. ரெண்டாவதை நான் மறந்துடுறேன், முதல்ல உறையில போடுங்க. விசாரணை முடியற வரைக்கும் அந்த வரிசைக் கட்டில் எதையும் யாரும் தொடக் கூடாது. எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். இதைச் செஞ்ச மெஷினுக்கும் சீல் வெச்சிடணும்."

வக்கீல் உறையில் போட்டார். அம்மாள் நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினார். சக்கரங்களின் சத்தம் மாறியது. பாலம்.

இரண்டு நிமிடம் எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். ஆற்றில் ஒன்றும் இல்லை.

பாலம் முடிந்ததும் சுயேச்சை உறுப்பினர் பஞ்சை எடுத்தார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"கட்டில்கள் சம்பந்தமா யாருக்காவது ஏதாவது தெரியுமா?"

தலைமை வக்கீலுக்குத் தெரியவில்லை. இணக்க அதிகாரிக்குத் தெரியவில்லை. சுயேச்சை உறுப்பினருக்கு உண்மையாகவே தெரியவில்லை. மற்றவர்கள் அவரைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார்கள். பயணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், முகத்தில் ஏதாவது தெரிந்துவிடும் என்று.

"குறை ஏதும் குழுவின் கவனத்துக்கு வரவில்லை," என்று செயலர் எழுதினார்.

மூன்றாவது ஸ்டேஷனில் பயணி இறங்கினார்.

அக்கா கதவைத் திறந்தவள், "வக்கீலுக்கு வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள். அறை அவள் சொன்ன அளவுதான். கட்டில், ஒரு ஸ்டூல், ஜன்னல். அப்பாவின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் கன்றிக் கருநீலமாக இருந்தது. கட்டிலின் இடது தடுப்பை நீல நைலான் கயிற்றால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது.

"எப்ப விழுந்தாரு?"

"ஒரு மாசம் ஆச்சு. உன்கிட்ட சொன்னா என்ன பண்ணப் போற? கம்பெனிக்கு எழுதிட்டேன். மூணு தடவ எழுதினேன். பதிலும் மூணு வந்துச்சு."

அப்பா சிரித்தார். அவர் சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வரும். "மூணும் ஒரே பதிலுடா. ஜெராக்ஸ்."

அக்கா கடிதங்களைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. எமது கட்டில்கள் உரிய தரத்தில் உள்ளன. சாய்வது பயன்படுத்துபவரின் விருப்பத்தைச் சார்ந்தது.' கீழே வாடிக்கையாளர் பிரிவு என்று இருந்தது. கையெழுத்து இல்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், வக்கீல் எழுதிக் கொடுத்த மாதிரிக் கடிதம் அது. கடைசி வரிக்கு அப்போது பாராட்டு கிடைத்தது.

"நீ வக்கீல்தானே," என்றாள் அக்கா. "இத எழுதின மூஞ்சிக்கு என்ன பதில் எழுதலாம், சொல்லு."

"இங்க நான் வக்கீல் இல்லைக்கா."

"பின்ன?"

"பயணி."

"பயணியா இருந்தா டீ குடிச்சுட்டுக் கிளம்பு. மகனா இருந்தா உக்காந்து எழுது."

யோசிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். யோசிக்காமலேயே எழுதினார். ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டில் விளிம்பில் காகிதத்தை வைத்து, முக்கால் மணி நேரம். லாக் பின்னின் நீளம், எந்த வருடத்திலிருந்து, ஐந்து நாடுகள், ஒன்பது பேர். பதினெட்டு வருடத் தொழிலில் அவ்வளவு நேராக அவர் எதையும் எழுதியதில்லை. அக்கா அதைத் தன் கையெழுத்தில் திருப்பி எழுதினாள். எழுதும்போது இரண்டு இடத்தில் நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேலே எழுதினாள்.

வியாழக்கிழமை காலை பட்டறையில் கடைசல் இயந்திரத்துக்கு அரக்குச் சீல் வைத்திருந்தார்கள். போர்மேன் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பின்னைப் போட்டுட்டீங்களா சார்?"

"காட்டினேன்."

"காட்டவா குடுத்தேன்? போடத்தானே குடுத்தேன்."

வக்கீல் மாடிக்குப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை அக்காவின் கடிதம் அவர் மேசைக்கு வந்தது. பின்னாலேயே தலைமை வக்கீலின் போன்.

"படிச்சீங்களா? யாரோ ஒரு பொம்பள பேர்ல வந்திருக்கு. அந்தம்மா எழுதினது இல்ல. பின்னாடி ஒரு பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு இருக்கான். ரெண்டாவது பத்தி பாருங்க. அடேயப்பா! எனக்கே வேர்த்துடுச்சு. நம்ம ஆளுங்க ஒருத்தன் இப்படி எழுதுவானா?"

"எழுத மாட்டாங்க சார்."

"காரமா ஒரு பதில் போடுங்க. நீங்க இருக்கிற பக்கத்துலேர்ந்தே போகட்டும். அப்புறம் ஒரு விஷயம், கட்டில்ல கயிறு கட்டியிருக்கேன்னு அவங்களே ஒத்துக்கிறாங்க. அது சாட்சியத்தைக் கலைக்கிறது. அவுக்கச் சொல்லுங்க."

"கயிற அவுத்தா விழுந்துடுவாங்களே சார்."

"விழறது மருத்துவ விஷயம். நமக்கு அதுல அதிகாரம் இல்ல. நாம சட்டம் மட்டும்தான் பேசணும்."

வக்கீல் எழுதினார். கயிற்றை உடனடியாக அகற்றத் தவறினால் அது சாட்சியத்தைச் சிதைத்த குற்றமாகக் கருதப்படும். தாங்களும் தங்களோடு வசிப்போரும் அதற்குப் பொறுப்பாவீர்கள். தலைமை வக்கீல் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

கடிதம் போனது. ஒரு கடிதம் வரும், கயிற்றை அவிழ்க்காதே என்று அக்காவிடம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து சொன்னால், அது கம்பெனிக்கு எதிராகக் கம்பெனியின் வக்கீல் எதிர்த்தரப்புக்குக் கொடுத்த சட்ட ஆலோசனை. வக்கீல் தொழில் செய்யும் சன்னத்தைப் பிடுங்கிவிடுவார்கள், சம்பளம் போனால் அப்பாவின் மருந்தும் நிற்கும். அந்தப் பக்கம் போய்ச் சொன்னால் அது ஒரு பயணி தன் அக்காவிடம் பேசியது. இதை அவர் மூன்று புத்தகங்களைப் புரட்டி உறுதி செய்துகொண்டார். அதற்குள் சனிக்கிழமை ஆகிவிட்டது.

சனிக்கிழமை முதல் வண்டியில் போனார். அறையில் கட்டில் காலியாக இருந்தது. இரண்டு தடுப்பும் ஒழுங்காக ஏற்றப்பட்டிருந்தன. கயிறு இல்லை. அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், மெத்தையில் படுத்திருந்தார். தரையிலிருந்து ஜன்னல் தெரியாது. ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவர் தெரியும்.

"கயிறு எங்கக்கா?"

"அவுத்துட்டேன். லெட்டர் நேத்தே வந்துடுச்சு." அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தரையிலிருந்து அவரை ஒரு நாளைக்கு ஆறு தடவை தூக்க வேண்டும். "முன்னாடி வந்த மூணையும் நான் சட்டை பண்ணலை. இது அப்படி இல்லடா. இத எழுதினவன் எமன். இந்த வயசுல அப்பாவப் போலீஸ் ஸ்டேஷனுக்கா இழுக்கிறது?"

வக்கீல் குனிந்து மெத்தையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"இவன மாதிரி ஒருத்தன் நம்ம பக்கம் இருந்திருந்தா எப்படி இருக்கும்!" என்றாள் அக்கா.

"கயிறத் திருப்பிக் கட்டலாம்க்கா. ஒண்ணும் ஆகாது."

"நீ சொல்றியா? நீதான் இங்க வக்கீல் இல்லையே."

அப்பா கீழேயிருந்து சொன்னார், "விடுடா. தரையிலேர்ந்து எவனும் விழுந்ததில்ல."

கயிற்றை அவிழ்த்ததை அக்கா நன்றியோடு கம்பெனிக்கு எழுதினாள். எழுதாவிட்டால் அதுவும் குற்றமாகிவிடுமோ என்று பயம். கயிறு அவிழ்க்கப்பட்டது, அதன் பிறகு அப்பா விழவில்லை என்று மட்டும்.

அடுத்த புதன்கிழமை வண்டியில் தலைமை வக்கீல் அதை இரண்டு தடவை சொன்னார். நிமிடங்களைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. தலைவருக்குக் கண் கலங்கியது.

"பாருங்க, கயிறு கட்டியிருந்தாங்க. பயம். நாம ஒரு கடிதம் போட்டோம். கயிறும் இல்ல, பயமும் இல்ல, விழறதும் இல்ல. ஒரு பின்னைக்கூட மாத்தலை. இதுக்குப் பேருதான் நெறிமுறை. வாங்கின எல்லாருக்கும் இதே கடிதத்தை அனுப்பணும்."

"முடிவை பாலத்துக்கு அப்புறம் சொல்லுங்க சார்," என்றார் செயலர்.

"சரி, சரி. அப்புறம் புதுசாத் தோணின மாதிரி சொல்றேன். வக்கீல், உங்களுக்கு ஏதாவது?"

வக்கீல் பேச ஆரம்பித்தார். டிக்கெட் பரிசோதகர் கதவைத் திறந்தார். பிறகு பாலம் வந்துவிட்டது.

இரண்டு நிமிடம் ஆறு கிடந்தது. பாலம் முடிந்து சக்கரச் சத்தம் மாறியபோது தலைவருக்குக் கடிதத்தைப் பற்றிப் புதிதாகத் தோன்றியது. எல்லோரும் கை உயர்த்தப் போகும் நேரத்தில் வக்கீல் எழுந்து நின்றார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை அந்தப் பக்கத்து மண்ணில் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றார். வண்டி ஆடியதால் மேலே சாமான் வைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அப்பா தரையில படுத்திருக்காரு," என்றார். "கட்டில் சரியாயிடுச்சுன்னு இல்ல. விழறதுக்கு இடம் இல்லாததால விழல. கட்டில் காலியா நிக்குது."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. சுயேச்சை உறுப்பினர் மட்டும், பஞ்சு எடுத்த காதோடு, பக்கத்தில் இருந்த இணக்க அதிகாரியிடம் கேட்டார், "யாரு இவரு?"

இணக்க அதிகாரி தோல்பையைத் திறந்து படிவத்தைப் பார்த்தார்.

"பயணி," என்றார்.

கைகள் உயர்ந்தன.

மறுநாள் காலை கூட்டக் குறிப்பு வக்கீலின் மேசைக்கு வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறதா என்று சரிபார்த்துக் கையொப்பமிடுவது வக்கீலின் வேலை. கீழே கடைசல் இயந்திரம் ஓடாத பட்டறை அமைதியாக இருந்தது. முதல் தீர்மானம்: கடிதத்தை ஐந்து நாடுகளுக்கும் அனுப்புவது. மாதிரிக் கடிதம் எழுதியவருக்குப் பாராட்டு. இரண்டாவது பத்தி:

'கூட்டத்தின் நடுவே, பெட்டியிலிருந்த பயணி ஒருவர் எழுந்து, தம் தந்தை தரையில் படுத்திருப்பதாகத் தெரிவித்தார். படுக்கை வசதி ரயில்வே சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் குழு அதைக் கருத்தில் கொள்ளவில்லை.'

வக்கீல் இரண்டு தடவை படித்தார். பயணி என்பது சரி. தரை என்பது சரி. பிழை ஏதும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.